முகத்துவாரம் வெட்டும் நாள்

வரைபடத்தில் அம்பாறைக் கரை ஏறக்குறைய ஒரு நேர்கோடு. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கின்றன. கிழக்கே கடல், மேற்கே நெல் வட்டைகள், நடுவில் ஒரு மணல்மேடு. பிரதான வீதி, கடைத்தெரு, பள்ளிவாசல், கோயில், பாடசாலை எல்லாம் அந்த மேட்டின் மேல்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வந்து பார்த்தால் மேடு எங்கும் அறாமல் ஓடுவதாகத் தோன்றும். கார்த்திகை, மார்கழியில் வந்தால் அது இடையிடையே அறுந்து கிடப்பது தெரியும். வட்டைகளில் தேங்கிய மாரி வெள்ளம் மணலை உடைத்துக்கொண்டு கடலில் விழுகிற இடங்கள் அவை. முகத்துவாரம் என்பார்கள், ஆத்துவாய் என்றும் சொல்வார்கள்.

சிவந்த மீன் ஒன்று தன் வாழ்நாளில் இந்த வாய்களை இரண்டு தடவை கடந்தாக வேண்டும். நகம் அளவுக் குஞ்சாக ஒருமுறை உள்ளே வரவேண்டும். பல ஆண்டுகள் கழித்து, ஒரு மனிதனின் கையளவு நீண்ட பின், ஒருமுறை வெளியே போகவேண்டும். இரண்டில் எது தவறினாலும் அந்த மீனுக்கு வம்சம் இல்லை. செப்பிலி என்று தமிழ்க் கரைகளில் அறியப்படும் மீன் அது. ஊருக்கு ஊர் வேறு பேரும் உண்டு. அறிவியல் அதை லுட்ஜானஸ் அர்ஜென்டிமாக்குலேட்டஸ் என்று எழுதிவைத்திருக்கிறது.

முதலில் வாய் ஏன் மூடிக்கொள்கிறது என்று பார்த்துவிடலாம். ஆற்றின் வாயைத் திறந்து வைப்பவை இரண்டு: ஆற்றின் வெள்ளமும் கடலின் பெருக்கு வற்றும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையில் கடல் பத்து மீற்றர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு நாளும் உள்ளே போய் வெளியே வரும் நீரே மணலை வாரிக்கொண்டு போய்விடும். இலங்கையின் கிழக்கில் முழுநிலா, அமாவாசை நாட்களில்கூட அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரை எட்டுவதில்லை. அலைக்கோ இங்கே ஓய்வில்லை. கரையைச் சற்றுச் சாய்வாக வந்து மோதும் ஒவ்வொரு அலையும் ஒரு பிடி மணலைக் கரையோரமாக நகர்த்துகிறது. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் ஒலுவில் பக்கம் அந்த மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. மழை நின்று ஆற்றின் பலம் குறைந்ததும், நகரும் மணல் வாயை மூடத் தொடங்கிவிடும். மழைக்காலம் முடிந்த சில வாரங்களில் நேற்று தோணி போன இடத்தில் இன்று பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள்.

கல்முனையின் பின்புறத்தில் இருக்கும் நீர்ப்பரப்பும் இதே விதிக்கு உட்பட்டது. மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் தென்முனை கல்முனையின் பின்னால் வந்துதான் முடிகிறது. அவ்வளவு பெரிய வாவிக்குக் கடலோடு இரண்டே இரண்டு வாய்கள். ஒன்று மட்டக்களப்பு நகரருகே, மற்றது கல்லாற்றில். தெற்கே இன்னொரு பெரிய நீர்வழி பட்டிப்பளை ஆறு என்ற கல்லோயா. பதுளைக்குக் கிழக்கே மலையில் தொடங்கி 108 கிலோமீற்றர் ஓடி, கல்முனையிலிருந்து 16 கிலோமீற்றர் தெற்கே கடலைச் சேர்கிறது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனாநாயக்க சமுத்திரம் உண்டான பிறகு இந்த ஆற்றின் குணம் மாறிவிட்டது. முன்பு மலையில் பெய்த மழை நேரே வந்து முகத்துவாரத்தை உடைத்தது. இப்போது பெரும் பகுதி அணைக்குப் பின்னால் நின்று, மதகு வழியாக வட்டைகளுக்குப் போய், வடிச்சல் வாய்க்கால்களில் மெல்ல மெல்லக் கடலுக்கு வருகிறது. நெல்லுக்கு அது நல்லது. வாயைத் திறக்க வேண்டிய வேகம் மட்டும் அதில் குறைவு.

இனி மீன். அதை முதலில் நூலில் பதிந்தவர் பேர் ஃபோர்ஸ்கால், சுவீடன் நாட்டு இயற்கையியலாளர். டென்மார்க் மன்னர் அனுப்பிய அரேபியப் பயணக் குழுவில் போனவர், செங்கடல் மீன்களைச் சேகரித்துக் குறிப்பெழுதினார், 1763இல் யெமனில் காய்ச்சல் கண்டு இறந்தார். அவரோடு போய் உயிரோடு திரும்பிய ஒரே தோழர் நீபூர் அந்தக் குறிப்புகளை 1775இல் அச்சிட்டார். செப்பிலியின் பெயருக்குப் பின்னால் இன்றும் அந்த ஆண்டுதான் நிற்கிறது. செங்கடலில் கண்ட அதே மீன் ஆபிரிக்காவின் கிழக்குக் கரை, இலங்கை, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா என்று பசிபிக் தீவுகள் வரை பரவியிருக்கிறது.

அதன் வாழ்க்கை கடலில் தொடங்குகிறது. வளர்ந்த மீன்கள் ஆழத்துப் பாறைகளில் கூடி முட்டையிடுகின்றன. முட்டை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு, நீரில் மிதக்கும், வெதுவெதுப்பான கடலில் ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். பிலிப்பைன்ஸின் இலோயிலோவில் தென்கிழக்காசிய மீன்வள அபிவிருத்தி மையத்தார் இம்மீனைத் தொட்டியில் வளர்த்து முட்டையிட வைத்தபோது, நிலவின் வளர்பிறை தேய்பிறையோடு முட்டையிடும் நாட்கள் ஒத்துவருவதைக் கண்டார்கள். பொரித்த குஞ்சு ஏறக்குறைய ஒரு மாதம் நீரோட்டத்தில் அலைகிறது. பிறகு அதற்கு உவர்நீர் வேண்டும்.

நகம் அளவே உள்ள உடலோடு அது எப்படி வாயைக் கண்டுபிடிக்கிறது? கரையோர மீன்களின் குஞ்சுகள் பலவற்றைச் சோதித்தவர்கள் இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள். ஒன்று மணம். ஆற்றுநீரில் கரைந்த இலைச் சாறும் சேற்றின் வாடையும் கடலில் நெடுந்தூரம் போகின்றன. மற்றது தந்திரமான ஏற்ற இறக்கம். கடல் பெருகி உள்ளே பாயும்போது குஞ்சு மேலெழுந்து அதோடு போகும்; வற்றி வெளியே ஓடும்போது அடிமணலோடு ஒட்டிக்கொள்ளும். ஓட்டத்தை எதிர்த்து நீந்தப் பலமில்லாத உயிர் நீரோட்டத்தைத் தேர்ந்தெடுத்தே ஆற்றுக்குள் ஏறிவிடுகிறது. இதற்கெல்லாம் வாய் திறந்திருக்க வேண்டும். மூடியிருந்தால், பேரலை மணல்மேட்டைத் தாண்டி வழிகிற நாட்களில் சில குஞ்சுகள் உள்ளே விழக்கூடும். மற்றவை வெளியே கரைநீரில் இரையாகிவிடும்.

உள்ளே வந்ததும் அதன் உடல் ஒரு பெரிய வேலையைச் செய்கிறது. மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கடலில் இருக்கும்போது உடம்பு நீரை இழந்துகொண்டே இருக்கும். ஆகவே மீன் கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுளில் உள்ள தனிக் கலங்கள் வழியாக வெளியே தள்ளுகிறது. நன்னீரில் எல்லாம் தலைகீழ். நீர் தானாக உடம்புக்குள் ஏறும், உப்பு கசிந்து போகும். இப்போது குடிப்பதை நிறுத்தி, நீர்த்த சிறுநீரை ஏராளமாகக் கழித்து, அதே செவுளால் உப்பை உள்ளே இழுக்க வேண்டும். பெரும்பாலான கடல்மீன்கள் இந்த மாற்றத்தில் செத்துப்போகும். செப்பிலி ஆற்றில் நன்னீர் வரை ஏறிப்போய் வாழ்கிறது. அதை வேட்டையாடும் பல மீன்களால் அங்கே பின்தொடர முடியாது.

கண்ணாக்காடு என்னும் அலையாத்திக் காட்டின் வேர்களுக்குள் அது இருக்கும் ஆண்டுகளில் பார்த்தால் சிவப்பு மீன் என்றே சொல்ல மாட்டீர்கள். குஞ்சின் உடலில் எட்டு வெளிர்ந்த பட்டைகள், கன்னத்தில் ஓரிரு நீலக் கோடுகள். வேரின் நிழலும் வெயிலும் மாறி மாறி விழும் இடத்தில் அந்தப் பட்டைகள் உடலின் உருவத்தையே கலைத்துவிடும். வளர வளரப் பட்டை மறைந்து முதுகில் பச்சை கலந்த பழுப்பும் விலாவில் செம்பு நிறமும் வரும். ஆழத்தில் பிடிபடும் பெரிய மீன்தான் முழுச் சிவப்பு.

ஆழம் போகப் போக ஏன் சிவக்க வேண்டும்? நீர் முதலில் விழுங்கும் நிறம் சிவப்பு. தெளிந்த கடலிலேயே பத்துப் பதினைந்து மீற்றருக்குள் சூரிய ஒளியின் சிவப்புப் பங்கு பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. சிவப்பு ஒளி இல்லாத இடத்தில் சிவந்த உடலுக்குத் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. அது கரும்சாம்பலாகத் தெரியும். மேலே கொண்டுவந்து சந்தைத் தட்டில் வைத்த பிறகே அது சிவக்கிறது. அந்தச் சிவப்பின் ஒரு பகுதி இறாலிலிருந்தும் நண்டிலிருந்தும் வருவது. கரோட்டினாய்டு என்ற நிறப்பொருளை மீனால் தானே உண்டாக்க முடியாது. பாசி உண்டாக்கியதை இறால் வகைகள் தின்று, அவற்றை மீன் தின்று சேர்த்துக்கொள்கிறது.

ஆற்றுவாயில் நிலைமை வேறு. கண்ணா இலைகள் ஊறிய நீர் தேயிலைச் சாயம் போல இருக்கும். அந்தச் சாயம் நீலத்தை விழுங்கி, மஞ்சளையும் சிவப்பையும் விட்டுவைக்கிறது. நீலக் கடலில் நன்றாகப் பார்க்கும் கண் இங்கே மங்கலாகிவிடும். லித்கோ, மன்ட்ஸ், பாட்ரிட்ஜ் முதலியோர் அவுஸ்திரேலியாவின் பெரும் தடுப்புப் பாறைத்திட்டை ஒட்டிய கடலில் இந்த லுட்ஜானஸ் குடும்பத்து மீன்களின் கண்களை ஆராய்ந்து 1994இல் வெளியிட்டார்கள். வெளிக்கடல் பாறைகளில் வாழும் இனங்களின் விழித்திரை நீலத்தை நோக்கி இசைந்திருந்தது. கரையோரத்து இனங்களுக்குப் பச்சை. ஆற்றுவாய்க்காரருக்கு அதைவிட நீண்ட அலைநீளங்கள். ஒரே குடும்பத்து மீன்கள், தாம் வாழும் நீரின் நிறத்துக்குத் தக்கபடி வெவ்வேறு கண்ணோடு இருக்கின்றன. மீன்களின் கண்களைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் ஈர்த்த ஆய்வு இது.

அந்தக் கண்ணை ஏமாற்றிப் பிழைப்பு நடத்துகிற மனிதரைப் பற்றியும் சொல்லவேண்டும். களியோடைப் பக்கம், வெளியூர்த் தூண்டில்காரர் வந்தால் தோணியில் கூட்டிப்போகிற ஒரு காக்காவோடு ஒருமுறை போனேன். காலையில் கரையில் வெகுநேரம் நின்று பார்த்தும் நீரில் எனக்குப் பளபளப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. அவர் அவசரப்படவே இல்லை.

"இப்ப ஒண்டும் தெரியாது தம்பி. அசர் தொழுதிட்டு வாறன். வெயில் நம்மட முதுகுக்குப் பின்னால போகட்டும், மறுகா பாருங்க."

அவர் சொன்னதில் முழு ஒளியியல் பாடம் இருக்கிறது. கிழக்குக் கரையில் காலைச் சூரியன் கடலுக்கு மேல், நம் முகத்துக்கு நேரே நிற்கும். அதன் ஒளி நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்து நேரே நம் கண்ணுக்கு வரும். நீருக்கு அடியிலிருந்து வரும் மெல்லிய வெளிச்சம் அந்தப் பளபளப்பில் தொலைந்துபோகும். பிற்பகலில் சூரியன் மேற்கே போனதும், தெறிக்கும் ஒளி நம்மை விட்டுக் கடல் பக்கமாகப் போய்விடும். நீருக்குள் போன ஒளி மட்டும் அடிமணலில் பட்டு மீனின் நிழலைக் காட்டும். அசர் நேரமோ நிழலைக் கொண்டு கணிப்பது. ஷாபி மத்ஹபின்படி, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தோடு நண்பகல் நிழலையும் சேர்த்த அளவுக்கு நீளும்போது அசர் தொடங்குகிறது. கணக்குப் போட்டால் அப்போது சூரியன் அடிவானிலிருந்து 45 பாகைக்கு மேல் இருக்க முடியாது. ஆழமற்ற நீரில் மீன் தேடுகிறவருக்குக் கிழக்குக் கரையில் அதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. மீனுக்கும் அதுவே நேரம். செப்பிலி இரவில் இரை தேடுவது. பொழுது சாயும்போதுதான் வேர்களை விட்டு வெளியே வரத் தொடங்கும்.

துருவமுனைவுக் கண்ணாடி அணிகிறவர்கள் இதே வேலையை இன்னொரு வழியில் செய்கிறார்கள். நீர்ப்பரப்பில் தெறிக்கும் ஒளியின் அதிர்வு பெரும்பாலும் கிடைமட்டமானது. அந்தக் கண்ணாடி கிடைமட்ட அதிர்வைத் தடுத்துவிடும். செங்குத்திலிருந்து 53 பாகை சாய்ந்து பார்க்கும்போது தெறிப்பு ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடுகிறது. காக்காவிடம் அந்தக் கண்ணாடி இல்லை. தொப்பியை நெற்றிக்கு இறக்கிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து நின்றார்.

என்னைத் தோணியில் குந்தச் சொன்னதற்கும் காரணம் உண்டு. நீருக்கு அடியிலிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் 97 பாகை அகலமான ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரியும். அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடி போல அடித்தளத்தையே திருப்பிக் காட்டும். அடிவானை ஒட்டியுள்ளவை வட்டத்தின் விளிம்பில் நசுங்கிக் கிடக்கும். நிமிர்ந்து நிற்பவன் விளிம்பிலிருந்து உள்ளே வந்து மீனின் கண்ணில் படுகிறான். குந்தியிருப்பவன் விளிம்போடு போய்விடுகிறான். ஒளிமுறிவு மனிதனையும் ஏமாற்றுகிறது: சரிவாகப் பார்க்கும்போது மீன் உண்மையில் இருப்பதைவிட மேலே இருப்பதாகத் தோன்றும். மண்டா எறிகிறவர்கள் தெரிகிற இடத்துக்குக் கீழே குறிவைப்பது அதனால்தான். தூண்டில்காரருக்கு அது பொருட்டல்ல. அவர் உயிர் இறாலை வால்பக்கம் கோர்த்து, ஓட்டத்துக்கு மேலே போட்டு, சுழி அதை வேர் ஓரத்துக்குக் கொண்டுபோகும்படி விடுகிறார். ஓடும் நீரும் தேங்கிய நீரும் உரசும் கோட்டில் நுரை சேரும். அந்தக் கோட்டின் தேங்கிய பக்கத்தில் செப்பிலி பாடுபடாமல் நின்று, ஓட்டம் கொண்டுவரும் இரையை வாங்கிக்கொள்ளும். இரை பட்டதும் வேருக்குள் பாய்ந்து நூலை அறுத்துவிடும். முதல் இரண்டு கணத்தில் அதைத் திருப்பாவிட்டால் பிறகு முடியாது.

இதேபோன்ற வாழ்க்கையை, சிறிதும் உறவில்லாத இன்னொரு சிவந்த மீன் உலகின் மறுபக்கத்தில் வாழ்கிறது. அமெரிக்காவின் மெக்சிக்கோ வளைகுடாக் கரையில் ரெட் ஃபிஷ் என்கிறார்கள். நம் கத்தாளைக் குடும்பம். அதுவும் கடல்வாய்களின் அருகே முட்டையிடுகிறது. குஞ்சு பெருக்கோடு உள்ளே வருகிறது. மூன்று நான்கு ஆண்டுகள் முழங்காலளவு நீரில் புல்வெளிகளுக்கிடையே வளர்ந்து, முதிர்ந்ததும் வெளிக்கடலுக்குப் போகிறது. அங்கே நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். தட்டையான படகைக் கழியால் தள்ளிக்கொண்டு, வாடிக்கையாளரை முன்னால் நிறுத்தி, வால் நீருக்கு மேல் தெரிகிறதா என்று பார்க்கும் வழிகாட்டிகள் டெக்சாஸ், லூசியானா கரைகளில் ஒரு தொழிலாகவே இருக்கிறார்கள்.

அந்தத் தொழில் தானாக நிலைத்ததல்ல. 1980களின் முதல் பாதியில் நியூ ஓர்லியன்ஸ் சமையற்காரர் போல் ப்ரூடோம், மசாலா பூசிய இந்த மீனைக் கடும் சூட்டில் கருக்கிப் பரிமாறியது நாடெங்கும் மோகமானது. கேள்வி கூடியதும் பெரிய சுற்றுவலைகள் வெளிக்கடலுக்குப் போய், முட்டையிடக் கூடிய முதிர்ந்த கூட்டங்களையே அள்ளின. டெக்சாஸ் 1981இலேயே வணிகப் பிடிப்பை நிறுத்தியிருந்தது. 1986இல் மத்திய அரசு அவசர விதியால் வெளிக்கடலை மூடத் தொடங்கியது. 2007 அக்டோபரில் ஜனாதிபதி ஆணை ஒன்றும் இதற்காகப் பிறந்தது. டெக்சாஸில் தூண்டில்காரர் வைத்துக்கொள்ளக்கூடிய மீனுக்கு 20 முதல் 28 அங்குலம் என்று கீழும் மேலும் எல்லை உண்டு. கீழ் எல்லை குஞ்சைக் காக்க. மேல் எல்லையின் பொருள் அவ்வளவு எளிதில் விளங்குவதில்லை: பெரிய மீனைப் பிடித்தால் பெருமைதானே, அதை ஏன் விடவேண்டும்? பெண்மீனின் முட்டைகளின் எண்ணிக்கை அதன் நீளத்தைவிட மிக வேகமாகக் கூடுகிறது. நீளம் இருமடங்கானால் உடல் எடையே எட்டு மடங்காகும். முட்டையும் அதோடு கூடும். ஒரு பழைய தாய்மீன் பல இளம் தாய்களுக்குச் சமம்.

செப்பிலிக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். அரை மீற்றரைத் தாண்டும்போதுதான் அது முதன்முதலாக முட்டையிடத் தகுதி பெறுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 35 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததை எடுக்கக் கூடாது என்று விதி. அந்த அளவு மீன் இன்னும் ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காது. என் பார்வையில் அது போதாத விதி. நம் முகத்துவாரத்தில் வீச்சுவலையில் விழுவதோ உள்ளங்கை அளவுக் குஞ்சுகள். குழம்புக்கு ஒன்றிரண்டு நல்லதுதான். ஆனால் தாயாகும் நாளுக்கு இன்னும் ஆண்டுகள் இருக்கும்போதே அவை சட்டிக்குப் போய்விடுகின்றன. இதைக் கரையில் நிற்பவர்களிடம் சொல்லும்போது எனக்குத் தயக்கம் இருக்கிறது. வாடைக்காற்று மாதங்களில் கடல் கொந்தளித்து கரைவலையும் படகும் ஓய்ந்திருக்கும்போது, பல வீடுகளில் அடுப்பு எரிவது முகத்துவாரத்து மீனால்தான்.

அதனால் மீனவரிடம் கேட்பதற்கு முன் வாயைத் திறப்பவர்களிடம் கேட்கவேண்டும் என்பது என் எண்ணம். பெரும்போகத்துக்கு விதைத்த நெல் முளைத்து நிற்கும்போதே அடைமழை வந்துவிடும். வெள்ளம் ஏறினால் இளம்பயிர் அழுகும். தாழ்ந்த வீடுகளுக்குள் நீர் போகும். வயல்நீரைக் கவனிக்கும் வட்டவிதானையும் விவசாய அமைப்புகளும் அதிகாரிகளிடம் போவார்கள், முகத்துவாரத்தை வெட்டச் சொல்லி. முன்பு மண்வெட்டியால் பலர் கூடி வெட்டினார்கள். இப்போது மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வருகிறது. ஒரு சிறு வாய்க்கால் போதும். நீர் அதில் ஓடத் தொடங்கியதும் இரு கரையும் இடிந்து சில மணிநேரத்தில் ஆறு போல அகன்றுவிடும். வீட்டுக்குள் வெள்ளம் புகும் மனிதரிடம் காத்திருக்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

ஆனால் எந்த உயரத்தில் வெட்டுவது என்பது நீரியல் கேள்வி. உள்நீர் கடலைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ, உடையும்போது அவ்வளவு வேகம். அவ்வளவு ஆழமாக மணலை அரிக்கும். வாய் அவ்வளவு நாள் திறந்திருக்கும். குறைந்த மட்டத்தில் அவசரமாக வெட்டினால் ஆழமற்ற வழியொன்று திறந்து, சில நாட்களில் அலை அதை மூடிவிடும். மீண்டும் வெட்டவேண்டும். தென்னாபிரிக்காவில் இதே மாதிரி மூடித் திறக்கும் ஆற்றுவாய்கள் பல உண்டு. அங்குள்ள ஆய்வாளர்கள், இயன்றவரை நீர்மட்டம் உயர்ந்தபின் உடைப்பதே நல்லது என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அந்நாட்டின் சென்ட் லூசியா நீர்நிலை 2002இல் மூடிக்கொண்டு, இடையில் சிறிது காலம் தவிர, பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. கடலிலிருந்து குஞ்சுகள் வர முடியாமல், ஆற்றுவாயை நம்பிய மீன் இனங்கள் அங்கே அருகிப்போயின. திடீரென்று வடியவிடுவதிலும் ஆபத்து உண்டு. மேல்நீர் முழுவதும் ஓடிவிட்டால், அடியில் தேங்கியிருந்த ஒட்சிசன் குறைந்த நீர்தான் மிஞ்சும். மீன்கள் செத்து மிதக்கும்.

நிரந்தரமாகத் திறந்த வாய் ஒன்றை அமைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒலுவில் அருகிலேயே இருக்கிறது. டென்மார்க்கின் கடனுதவியோடு அலைதடுப்புச் சுவர்கள் கட்டி, 2013 செப்டம்பரில் துறைமுகம் திறந்தார்கள். ஃபோர்ஸ்காலை அனுப்பிய நாடு இரண்டரை நூற்றாண்டு கழித்து இந்தக் கரைக்கு வந்தது என்பதை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. சுவர்கள் எழுந்ததும் தெற்கிலிருந்து நடந்துவந்த மணல் நின்றுவிட்டது. தெற்கே கரை வளர்ந்தது. வாசலில் மணல் அடைத்துப் படகுகள் உள்ளே போக முடியாமல் போயிற்று. மணல் வராத வடக்கில் கடல் தென்னந்தோப்புகளையும் நிலத்தையும் தின்னத் தொடங்கியது. மணலை வாரித் துறைமுகத்தைத் திறக்கச் சொன்ன மீனவர்களும், நிலத்தை இழந்த ஒலுவில் மக்களும் ஒருவரை எதிர்த்து ஒருவர் வீதிக்கு வரவேண்டியதாயிற்று. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஓடும் மணலைக் கணக்கில் எடுக்காத திட்டத்தின் விலையை அந்த இரு தரப்பாரும் கொடுத்தார்கள்.

தெற்கே பொத்துவில் களப்பில் மீனவர்களே பயணிகளைத் தோணியில் கூட்டிப்போய்க் கண்ணாக்காட்டைக் காட்டுகிறார்கள். கல்முனைக் கரையிலும் அப்படியொரு தொழில் வளரலாம். பெரிய செப்பிலி ஒன்றைச் சந்தையில் ஒருமுறைதான் விற்க முடியும். தூண்டிலில் பிடித்து, ஈர மணலில் போட்டு இழுக்காமல், நீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றி விட்டால், அது அடுத்த பருவம் வரை உயிரோடு இருக்க வாய்ப்பு உண்டு. கூட்டிப்போனவருக்குக் கூலியும் கிடைத்திருக்கும். காக்காவிடம் இதைச் சொன்னேன்.

"விடுறது கஷ்டமில்ல. விட்டா அது போறதுக்கு வாய் தொறந்து இரிக்கணுமே" என்றார்.

அவர் சொன்ன வாயைப் பற்றி நமக்கு வேண்டிய தகவல்கள் அதிகமில்லை. ஒவ்வொரு முகத்துவாரமும் எந்தத் தேதியில், உள்நீர் எந்த மட்டத்தில் நின்றபோது வெட்டப்பட்டது. எந்தத் தேதியில் மூடிற்று. திறந்த பின் வாரத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வலையை ஒரே எண்ணிக்கையில் வீசினால் எத்தனை செப்பிலிக் குஞ்சுகள், என்ன நீளத்தில். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஓர் அளவுகோல், ஒரு வீச்சுவலை, ஒரு கொப்பி போதும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில், உயிரியல் படிக்கும் மாணவர்களோடு. அவர்களில் பலர் இந்தக் கரையூர்களின் பிள்ளைகள். ஐந்தாறு மாரிகளின் பதிவு கையில் இருந்தால், அடுத்த கார்த்திகையில் பெக்கோவை எப்போது இறக்குவது என்று பேசும் கூட்டத்தில் வட்டவிதானைக்குப் பக்கத்தில் மீனவருக்கும் ஒரு கதிரை போடவேண்டியிருக்கும். பேசுவதற்கு அவர் கையில் எண்களும் இருக்கும்.